சிவப்பு மூடிப் போத்தலுக்குள் இருந்த அட்டை

1. போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. எங்கள் விலங்கியல் ஆய்வுகூடத்தில் இரண்டாம் வருட மாணவர்களுக்குச் செய்முறைப் பரீட்சை. பாடம் முள்ளந்தண்டிலிகள் — முதுகெலும்பு இல்லாத பிராணிகள். மேசைகளில் இருபது போத்தல்கள். ஒரு போத்தலுக்கு இரண்டு நிமிடம். பார்த்து, பெயரையும் அடையாளங்களையும் எழுத வேண்டும். மணி அடித்தால் அடுத்ததற்கு நகர வேண்டும்.

2. பதினான்காம் இலக்கம், சிவப்பு மூடி போட்ட போத்தல். உள்ளே போமலின் என்கிற பதத் திரவத்தில் ஊறிய ஒரு கடலட்டை. லேபலின் மேல் கடதாசி ஒட்டி மறைத்திருந்தோம்.

3. நாற்பத்தொரு பேர் எழுதினார்கள். அதில் நாற்பது பேர் அந்த அட்டைக்கு 'ஹொலொத்தூரியா ஸ்காப்ரா' என்று பெயர் எழுதினார்கள். தீவுக் கரைகளில் வெள்ளையட்டை என்கிறார்களே, அது.

4. ஒருத்தி மட்டும் 'பொஹாட்ஸ்கியா' என்று எழுதினாள். கரையில் அதற்குப் பெயர் நூலட்டை.

5. தாள்களை முதலில் திருத்துகிற ஆள் நான், செய்முறை வகுப்புக்குத் தற்காலிக டெமொன்ஸ்ரேற்றர். அவள் எழுதிய அடையாளங்களைச் சரிபார்க்கப் போத்தலை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அவளுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டேன். மற்ற நாற்பது பேருக்கும் தலைக்கு ஒன்று. பொதுவாகக் கடலட்டை என்று கண்டுபிடித்ததற்கு.

6. மறுநாள் எங்கள் மூத்த விரிவுரையாளர் தாள்களைப் பார்த்தார். அவளுடைய ஐந்தை வெட்டி ஒன்று போட்டார். நாற்பது பேருடைய ஒன்றை வெட்டி ஐந்து போட்டார்.

7. விசேட பட்டப்படிப்புக்கு ஆறு பேரைத் தெரிவு செய்தார்கள். அவள் ஏழாவது. இரண்டு புள்ளி குறைவு.

8. அவள் எழுதியதுதான் சரி.

இந்தப் பத்தியை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் லிஸ்ட் போடுகிற ஆள். சந்தைக்குப் போனாலும் லிஸ்ட், கோபம் வந்தாலும் லிஸ்ட். எழுதி முடிக்கும்போது கோபம் பாதி இறங்கிவிடும் என்பது என் அனுபவம்.

இந்த முறை இறங்கவில்லை.

முள்ளந்தண்டு இல்லாத பிராணிகளையும் பல்கலைக்கழகங்களையும் சேர்த்து ஒரு பகிடி உங்கள் வாயில் வந்திருக்கும். எனக்கும் வந்தது. விடுவோம், விஷயம் பகிடியைவிடப் பெரிது.

அவளை றெஜினா என்று வைத்துக்கொள்வோம். எழுவைதீவுப் பிள்ளை. நூறு குடும்பம் இருந்தாலே அதிகம் என்கிற ஒரு துண்டு நிலம் அது. வள்ளம் ஓடினால் ஊர். ஓடாவிட்டால் வெறும் தீவு. தகப்பன் கடலில் மூழ்கி அட்டை எடுக்கிறவர். அட்டை குளிக்கிறது என்பார்கள். அந்தத் தீவிலிருந்து விஞ்ஞானம் படிக்க வந்த பிள்ளைகளை எண்ண ஒரு கை போதும், அதிலும் விரல் மிஞ்சும்.

விசேட பட்டம் என்றால் என்ன? மற்றவர்கள் மூன்று வருடத்தில் பொதுப் பட்டத்தோடு போய்விடுவார்கள். தெரிவானவர்கள் நான்காவது வருடமும் இருந்து, தாங்களே ஓர் ஆராய்ச்சி செய்து முடிக்கலாம். றெஜினாவுக்கு வேண்டியது அந்த நான்காவது வருடம். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"அட்டை எப்ப முட்டை விடுது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது மிஸ். அப்பாவுக்கும் தெரியாது, சேருக்கும் தெரியாது. தெரியாமலே எல்லாத்தையும் அள்ளி அவிச்சுக் காயவைச்சுக் கப்பல்ல ஏத்துறம். முந்தி அப்பா இடுப்பளவு தண்ணியில எடுத்ததை இப்ப அஞ்சு பாகம், முப்பதடி, கீழ போய்த்தான் எடுக்கிறார். நான் அதைப் பார்க்க வேணும்."

இருபத்தொரு வயதில் தனக்கென்று சொந்தமாக ஒரு கேள்வி வைத்திருக்கிற மாணவி. எங்கள் பீடத்தில் அப்படிப்பட்டவர்களைக் காண்பது சாட்டிக் கரையில் முத்துக் காண்பதைப்போல. அவளைத்தான் இரண்டு புள்ளியில் நிறுத்தினோம்.

புள்ளி வெட்டப்பட்ட அன்று நான் விரிவுரையாளரின் அறைக்குப் போனேன். ஒன்று சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. எனக்குப் படிப்பித்தவர். கரும்பலகையைத் திரும்பிப் பாராமலே நண்டின் பத்தொன்பது சோடித் தூக்கங்களையும், கால் கொடுக்கு உணர்கொம்பு எல்லாவற்றையும், வரைவார். அவரிடம் படித்ததில் எனக்குப் பெருமை உண்டு. அதனால்தான் கோபமும் கூட.

"நீர் இந்தப் பிள்ளைக்கு அஞ்சு போட்டிருக்கிறீர்" என்றார்.

"ஓம் சேர். அவ எழுதினது சரி."

"லேபல்ல என்ன கிடக்கு?"

"லேபல் பிழை சேர்."

"அந்தப் போத்தல் எத்தனை வருசமா இஞ்ச இருக்கு?"

"நான் படிக்க வந்த காலத்திலயே இருந்தது."

"அப்ப இவ்வளவு காலமும் எழுதின எல்லாரும் பிழையோ?"

"ஓம் சேர்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உம்மட சோதினையில நீர் என்ன எழுதினனீர்?"

"ஸ்காப்ரா."

"நான் எத்தனை போட்டனான்?"

"அஞ்சு."

"அப்ப என்ன கதைக்க வந்தனீர்?"

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். வாதத்தில் தோற்றதால் அல்ல. அவர் கேட்டது எனக்கு நானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் என்ன பார்த்து ஸ்காப்ரா என்று எழுதினேன்?

மேலே போட்ட லிஸ்ட்டில் ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றே விட்டேன். இப்போது சொல்கிறேன்.

எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு வழக்கம். புதிய போத்தல்கள் வருவதில்லை. பரீட்சைக்குப் பரீட்சை அதே போத்தல்களை இடம் மாற்றி வைப்போம். ஆகவே மாணவர்கள் பிராணியைப் படிப்பதில்லை, போத்தலைப் படிக்கிறார்கள். பச்சை மூடி, கழுத்தில் வெடிப்பு — நட்சத்திர மீன். மூடியில் மெழுகு — கடற்பஞ்சு. ஹோர்லிக்ஸ் போத்தல் — கடல் அனிமனி. மேல் வகுப்பு கீழ் வகுப்புக்குக் கொடுக்கும். அதற்கு 'மூடி லிஸ்ட்' என்று பெயர்கூட இருக்கிறது. பழைய வினாத்தாளைப் பாடமாக்கியே கம்பஸ்வரை வந்த சனம் நாங்கள். எங்களுக்கு இது குற்றமாகத் தெரியாது. கெட்டித்தனமாகத்தான் தெரியும்.

பல வருடம் கை மாறிக் கை மாறிக் கிறுக்கலாய்க் கிடந்த அந்த லிஸ்ட்டை, ஒருத்தி உட்கார்ந்து, வகுப்பு வகுப்பாகப் பிரித்து, இலக்கமிட்டு, அழகான கையெழுத்தில் எழுதி, றோணியோ மெஷினில் பிரதியடித்துக் கொடுத்தாள். இப்போது பாவனையில் இருப்பது அந்தப் பதிப்பு.

அந்த ஒருத்தி நான்.

றெஜினாதான் அதை என் முன்னால் வைத்தாள். புள்ளி வெட்டிய விஷயத்தை நான் அவளுக்குச் சொன்ன அன்று, கொப்பிக்குள் இருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். என் கையெழுத்து, என் இலக்கங்கள், என் அடிக்கோடுகள்.

"உங்கட லிஸ்ட்தானே மிஸ்? எல்லாரிட்டையும் கிடக்கு. என்னட்டையும் கிடக்கு."

முப்பத்திரண்டாவது வரியில் இப்படி இருந்தது: 'சிவப்பு மூடி. அடியில் பஞ்சு கிடக்கும். ஸ்காப்ரா.'

"நீரும் இதைப் பாடமாக்கினனீரோ?"

"பாடமாக்கினனான் மிஸ். ஆனா அது பஞ்சில்லை."

அது பஞ்சில்லை. நூலட்டையைச் சீண்டினால் பின்புறத்தால் வெள்ளை நூலை விடும். பசையான நூல். எதிரியைச் சிக்கவைக்க இயற்கை கொடுத்த ஆயுதம். வெள்ளையட்டையிடம் அந்த நூல் இல்லவே இல்லை. உயிரோடு போமலினுக்குள் போட்டபோது அந்த அட்டை தன்னிடம் இருந்த அவ்வளவு நூலையும் விட்டிருக்கிறது. இவ்வளவு காலமும் போத்தலின் அடியில் கிடந்தது அதுதான். 'நான் வெள்ளையட்டை இல்லை' என்பதற்கு அந்தப் பிராணி தன் கையொப்பத்தையே வைத்திருக்கிறது. நான் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்து, போத்தலை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு குறிப்பாக எழுதியும் வைத்திருக்கிறேன் — 'பஞ்சு' என்று.

பிழையான விடைக்கு, சரியான சாட்சியத்தை ஞாபகக் குறிப்பாகக் கொடுத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"அப்ப லிஸ்ட்டில இருந்தபடி எழுதியிருந்தா அஞ்சு கிடைச்சிருக்கும் எண்டு உமக்குத் தெரியும்?"

"ஓம் மிஸ், தெரியும்."

"பிறகேன்?"

அவள் தாளை மடித்தாள். "ரெண்டு நிமிசம் அதைப் பார்த்துக்கொண்டு நிண்டனான் மிஸ். பார்த்தாப் பிறகு எப்பிடி மாத்தி எழுதிறது?"

அன்று பின்னேரமே ஆய்வுகூட உதவியாளர் கந்தையா அண்ணையைப் பிடித்தேன். போத்தல்களின் பிறப்பு, இறப்பு, மறுபிறப்பு எல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

"சிவப்பு மூடியோ? அதின்ர பழைய போத்தில் உடைஞ்சு போச்சு பிள்ளை. நீ படிக்க வர முந்தி, லாப் இடம் மாத்தேக்க கைநழுவி விழுந்தது. அட்டையும் நசிஞ்சு போச்சு. மூடியும் லேபலும் தப்பிச்சுது."

"பிறகு?"

"அடுத்த கிழமை சோதினை. நான் என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமை சாட்டிக்குப் போய் ஒண்டைக் கொண்டந்து போட்டனான்."

"அது வேற அட்டை அண்ணை."

"அட்டை எண்டா அட்டைதானே பிள்ளை."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டவை?"

அவரில் என்ன பிழை? அவர் விலங்கியல் படிக்கவில்லை. படித்தவர்கள் நாங்கள். அந்தப் போத்தலைத் தாண்டி எத்தனை தொகுதி மாணவர்கள், எத்தனை டெமொன்ஸ்ரேற்றர்கள், எத்தனை கலாநிதிகள் நடந்து போயிருக்கிறோம்?

எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். பென்சனுக்கு இரண்டு வருடம் இருக்கிறது, எழுத ஏலாது, கேட்டால் மறைக்காமல் சொல்லுவன் என்றார். நியாயம்தான்.

ஆதாரம் தேடினேன். அட்டையின் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துணுக்குகள் இருக்கும். இனத்துக்கு இனம் வடிவம் வேறு. வெள்ளையட்டையில் குட்டி மேசைகள் போல இருக்கும். நூலட்டையில் மேசை இருக்காது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் வழக்கு முடிந்தது. போத்தல் அட்டையில் ஒரு துளி தோல் வெட்டி, கரைத்துப் பார்த்தேன்.

ஒன்றுமே இல்லை. வெறுமை. பழைய போமலின் காலப்போக்கில் அமிலமாகும், சுண்ணாம்பைத் தின்றுவிடும். நாங்கள் போமலினை மாற்றாமல் விட்ட வருடங்கள் சாட்சியைச் சாப்பிட்டுவிட்டன. மிஞ்சியது நூல் மட்டும்.

அப்படியானால் உயிருள்ள அட்டை வேண்டும். பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

சனிக்கிழமை பஸ் எடுத்து ஊர்காவற்றுறைக்குப் போனேன். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை தாண்டி. வேலணை என் சொந்த ஊர். எங்கள் தோட்டத்து மதிலில் ஏறி நின்றால் கடல் தெரியும். சிறுவயதில் சாட்டிக்குப் போய்ப் புளிச்சோறு சாப்பிட்டு, கணுக்கால்வரை நனைந்து திரும்பியவர்கள் நாங்கள். கடலுக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. கேட்பதும் கௌரவமில்லை. முதன்முதலில் ஓர் அட்டையைக் கிட்டத்தில் பார்த்தது இருபது வயதில், கண்ணாடிக்குள். அதுவும் பிழையான பெயரோடு.

இறங்குதுறையில் றெஜினாவும் தகப்பனும் வள்ளத்தோடு நின்றார்கள். ஒரு பிளாஸ்ரிக் வாளியில் கடல்நீர். அதற்குள் இரண்டு அட்டைகள்.

"வாங்கோ ரீச்சர். எங்கட பிள்ளைக்குப் பூச்சியம் குடுத்த அட்டையைப் பார்க்க வந்தனீங்களோ?"

"பூச்சியமில்லை அண்ணை. ஒண்டு கிடைச்சது."

"அதென்னத்துக்கு ஒண்டு?"

"கடலட்டை எண்டு கண்டுபிடிச்சதுக்கு அப்பா" என்றாள் றெஜினா.

மனிதர் சிரித்தார். பிறகு வாளியைக் காட்டினார். "இடப்பக்கம் கிடக்கிறது வெள்ளை. மற்றது நூல். கையில எடுங்கோ ரீச்சர், கடிக்காது."

இடப்பக்கத்ததை எடுத்தேன். சொரசொரப்பாக, ஒன்றும் செய்யாமல் கிடந்தது. மற்றதை எடுத்தேன். வழுவழுப்பு. இரண்டு முறை விரலால் அமத்தினேன். அவ்வளவுதான் — வெள்ளை நூல் கொத்தாக வந்து என் விரல்களில் சுற்றிக்கொண்டது. உதறினேன், போகவில்லை. மற்றக் கையால் இழுத்தேன், மற்றக் கையும் ஒட்டிக்கொண்டது.

"உதுக்கு மண்ணெண்ணெய்தான் மருந்து" என்று தகப்பன் போத்தலை நீட்டினார். "ஏன் ரீச்சர், இதை அங்க படிப்பிக்கிறேல்லையோ?"

"படிப்பிச்சவை அண்ணை. போத்தலில வைச்சு."

"போத்தலுக்குள்ள போட்டா எல்லாம் ஒண்டுதான். மனுசனைப் போட்டாலும் கண்டுபிடிக்க ஏலாது." வாளியை மூடிக் கட்டித் தந்தார். "நான் இதை வெள்ளை எண்டு சொல்லி ஒரேயொருக்காக் கலந்து குடுத்தனெண்டால், அட்டை வாங்கிற முதலாளி பேந்து என்னைப் படியேற விடமாட்டான். அவனுக்கு ஒரு லேபலும் தேவையில்லை, கையில எடுத்தாச் சொல்லுவான். உங்கட ஆக்கள் பிழையாச் சொன்னா ஆர் ஏன் எண்டு கேக்கிறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

பஸ்ஸில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சோதனைச் சாவடியில் திறந்து காட்டச் சொன்னார்கள். காட்டினேன். எட்டிப் பார்த்தவர் ஓரடி பின்னால் போய், போகச் சொல்லிவிட்டார்.

இனித்தான் கதையின் அழகான பகுதி.

நான் ஐந்து ஆதாரங்களோடு மனு எழுதினேன். நூல் கிடக்கும் போத்தல். இரண்டு உயிருள்ள அட்டைகள். அவற்றின் தோலில் எடுத்த இரண்டு சிலைட்டுகள் — ஒன்றில் மேசை, ஒன்றில் இல்லை. கந்தையா அண்ணையைக் கேட்டுப் பாருங்கள் என்ற குறிப்பு. ஐந்தாவதாக, மூடி லிஸ்ட்டின் ஒரு பிரதி, 'இதை எழுதியவள் நான்' என்று கையொப்பத்தோடு. பாடசபை கூடி என்னைப் பத்து நிமிடம் உள்ளே கூப்பிட்டது.

அவர்கள் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். தலையாட்டினார்கள். லேபல் பிழை என்று ஏற்றுக்கொண்டார்கள். கூட்டக் குறிப்பிலும் எழுதினார்கள். வென்றுவிட்டோம் என்று நான் நினைத்தபோது ஒரு பேராசிரியர் சொன்னார்: "அடுத்த வருசத்தில இருந்து லேபலை மாத்துவம்."

"இந்த வருசம் சேர்?"

"றிசல்ற்றில கையெழுத்து வைச்சாச்சு. ஒரு பிள்ளைக்காக நாப்பது பேரின்ர புள்ளியைக் குறைக்கிறதோ?"

"குறைக்க வேண்டாம். பிழை எங்கட. அவவுக்கு மட்டும் கூட்டுங்கோ."

"ஒரு கேள்விக்கு ரெண்டு சரியான விடை இருக்க ஏலாது."

ஒரு பிழையான விடை மட்டும் இருக்கலாம் போலிருக்கிறது. அதைச் சொல்லவில்லை. நான் சொன்னது வேறு. "அப்ப ஆறு பேரும் அப்பிடியே இருக்கட்டும். ஏழாவதா அவவை எடுங்கோ. ஆறாவதா வந்த பிள்ளையிலும் பிழையில்லை."

கந்தையா அண்ணை கதவுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

ஏழு ஏன் முடியாது என்று எங்கள் விரிவுரையாளரே விளக்கினார். இந்த வருடத்திலிருந்து விசேட வகுப்புக்கு ஒரு புதிய பாடம். மூலக்கூற்றுப் பிறப்புரிமையியல் என்று பெயர். எல்லாரும் சுருக்கமாக 'ஜீனோம் பாடம்' என்கிறார்கள். உயிர்களின் பரம்பரைச் செய்தி முழுவதையும், நான்கு எழுத்தால் எழுதப்பட்ட ஒரு பெரிய புத்தகம்போல, எழுத்தெழுத்தாக வாசிக்கிற கலை. அதற்கு ஒரு மெஷின். அதில் ஒரே நேரத்தில் ஆறு பேர்தான் வேலை செய்யலாம். ஆகவே ஆறு கதிரை, ஆறு இடம்.

"மெஷின் எங்க சேர்?"

"ஓடர் போட்டிருக்கு."

ஓடர் கொழும்பில் ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது. மெஷின் வந்தாலும் அதற்கு இருபத்து நாலு மணிநேரமும் கரன்ற் வேண்டும். எங்கள் கரன்ற் வருகிற அழகு உங்களுக்குத் தெரியும். இதுவரை நடந்த ஜீனோம் பாடம் என்பது கரும்பலகையில் அந்த நான்கு எழுத்துகளையும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்ததுதான். வராத மெஷினில் ஏழாவது ஆளுக்கு இடமில்லை.

இதையும் கேளுங்கள். ஜீனோம் பாடத்துக்கு மணித்தியாலம் காண வேண்டி, முள்ளந்தண்டிலிகள் பாடத்திலிருந்து நான்கு கள நாட்களை வெட்டியிருக்கிறார்கள். சாட்டிக்கும் புங்குடுதீவுக்கும் மாணவர்களைக் கூட்டிப்போய், தண்ணீருக்குள் இறக்கி, கையில் எடுக்க வைக்கிற அந்த நான்கு நாட்கள்.

"நாங்கள் ஜீனோமுக்குப் போயிட்டம். நீர் இன்னும் அட்டையில நிக்கிறீர்" என்றார் விரிவுரையாளர். பகிடியாகத்தான் சொன்னார். சபை சிரித்தது.

என்னைப் பிழையாக விளங்காதீர்கள். நான் ஜீனோமுக்கு எதிரியல்ல. கொழும்பில் எட்டு வாரம் அதைத்தான் பழகினேன். மாட்டீரலிலிருந்து டி.என்.ஏயைப் பிரித்துக் கண்ணாடிக் குச்சியில் சுற்றி எடுத்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். என் கேள்வி சின்னது. நாளைக்கு மெஷின் வருகிறது, கரன்ற்றும் வருகிறது. எங்கள் அட்டையின் புத்தகத்தை ஒரு எழுத்தும் பிசகாமல் வாசித்து முடிக்கிறோம். அந்தப் புத்தகத்தின் மேலட்டையில் என்ன பெயர் எழுதுவோம்? லேபலில் இருக்கிற பெயரைத்தானே? மெஷின் அட்டையைப் பார்த்து 'நீ யார்' என்று கேட்காது. அதைக் கேட்கத் தெரிந்த ஆளைத்தான் ஏழாவதாக வெளியே நிறுத்தியிருக்கிறோம்.

விஞ்ஞானம் என்று நாங்கள் படிப்பிப்பது என்ன? பார்த்ததை எழுது என்பது. பரீட்சை என்று நாங்கள் வைப்பது என்ன? பார்க்காமல் எழுது என்பது. நாற்பது பேர் பார்க்கவில்லை — அவர்களுக்குப் பரிசு. நானும் பார்க்கவில்லை — எனக்கு வேலை. ஒருத்தி பார்த்தாள்.

முடிவைச் சொல்ல நான்தான் போனேன். நூலகத்தின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் இருந்தாள். சொன்னேன். பிறகு ஒரு முட்டாள்தனமும் செய்தேன். ஆறுதல் சொன்னேன்.

"நீர் எழுதினது சரியெண்டு அவையே எழுதி வைச்சிருக்கினம் றெஜினா. அது ஒரு பெரிய விஷயம்."

"காணாது மிஸ்."

அழவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. கடைக்காரன் தராசில் நிறுத்த மீன் போதாது என்றால் எப்படிச் சொல்வார்களோ, அப்படிச் சொன்னாள். காணாது. எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அதுதான் சரியான பதில். இந்த ஊரில் பெண்பிள்ளைகளுக்கு, அதிலும் தீவுப் பெண்பிள்ளைகளுக்கு, 'நீ சரி' என்று ஒரு துண்டுக் கடதாசி கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நாங்கள் நினைக்கிறோம். கடதாசியைக் கொடுத்துவிட்டு இடத்தை நாங்கள் வைத்துக்கொள்கிறோம்.

"அப்ப என்ன செய்யப் போறீர்?"

"பீடாதிபதிக்கு எழுதப் போறன். நீங்கள் எழுதினதை எனக்குத் தாங்கோ, பார்த்து எழுதிறன்." கொஞ்சம் யோசித்தாள். "வேண்டாம். நானே எழுதிறன். நீங்கள் பிழை இருக்கா எண்டு மட்டும் பாருங்கோ."

பார்த்தேன். ஒன்றரைப் பக்கம். கெஞ்சல் ஒரு சொல் இல்லை. ஓர் இடத்தில் மட்டும் ஒரு காற்புள்ளி போட்டேன்.

என் பங்குக்கு நான் செய்தது: ஆய்வுகூடத்தின் முப்பத்தெட்டுப் போத்தல்களுக்கும் மூடிகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுவிட்டேன். கந்தையா அண்ணை பிடித்துத் தந்தார். என் லிஸ்ட் இனி ஒருவருக்கும் உதவாது. சில மாணவர்கள் என்னோடு கதைப்பதில்லை. என் தற்காலிக நியமனத்தைப் புதுப்பிப்பார்களா என்பதும் தெரியவில்லை. இந்தப் பத்தி அதற்கு உதவும் என்று நான் நினைக்கவில்லை.

இன்று நிலைமை இது.

பீடாதிபதிக்குப் போன முறையீட்டுக்கு இதுவரை பதில் வரவில்லை. திங்கட்கிழமை விசேட வகுப்பு தொடங்கியது. முதல் பாடம் ஜீனோம். எழுவைதீவிலிருந்து முதல் வள்ளம் எடுத்து வந்த றெஜினா, எட்டு மணிக்கே போய் இரண்டாவது வரிசையில் இருந்தாள். விரிவுரையாளர் வரவுப் பதிவேட்டை எடுத்து ஆறு பெயர்களை வாசித்தார். ஆறு பேர் 'பிறசன்ற் சேர்' என்றார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கொப்பியைத் திறந்து திகதி எழுதிக்கொண்டிருந்தாள். அவர் பதிவேட்டை மூடினார். பிறகு திரும்பிக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார்.

செவ்வாயும் வந்தாள். புதனும் வந்தாள்.

பதிவேட்டில் ஆறு பேர். வகுப்பில் ஏழு பேர்.